கான்பூரில் கிடந்த லிபரேட்டர்கள்





இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வங்கக் கடல்மேல் ரோந்து சுற்றுவதற்காக, பிரிட்டிஷ் விமானப் படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது ஒரே தலைமையின் கீழ் இயங்கும் விமான அணி, 1944-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சென்னையின் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது. அது ஓட்டியவை லிபரேட்டர் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய், பிறகு ஊர் திரும்பிய மயிலாப்பூர்வாசிகளுக்கு அவற்றின் நான்கு என்ஜின்களின் இரைச்சல் பழகிப்போயிருக்கும்.

லிபரேட்டரின் இறக்கை நுனிக்கு நுனி 110 அடி. குண்டறையின் கதவுகள், பிற குண்டுவீச்சு விமானங்களில் உள்ளவைபோல் வெளியே விரிந்து தொங்காமல், தியாகராய நகர்க் கடைகளின் இரும்பு ஷட்டர் மேலே ஏறுவதுபோல் உடலின் பக்கவாட்டில் ஏறிக்கொள்ளும். திறந்திருக்கும்போதும் அவை காற்றை அதிகம் தடுக்கமாட்டா.

இந்த விமானங்கள் பிரிட்டன் விலைக்கு வாங்கியவை அல்ல. போர்க்காலத்துக்கு மட்டும் அமெரிக்கா கொடுத்துவைத்த ‘கடன்-குத்தகை’ உடைமைகள். ஆகவே போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் மறுபடி பறக்காதபடி செய்துவிடவேண்டும். கான்பூரில் விடப்பட்ட ஏறத்தாழ நூறு லிபரேட்டர்களுக்கு இரண்டாவது விதிதான் வாய்த்தது: புல்டோசரால் உடலை இடித்தார்கள், என்ஜினுக்குள் மணலைக் கொட்டினார்கள், அளவுமானிகளை நொறுக்கினார்கள். இத்தனை செய்தும், கணக்குக் காட்டுவதற்காக அழித்த அழிப்பாகவே அது முடிந்தது.

1948-இல், கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாதிருந்த இந்திய விமானப் படை, இந்தக் குவியலைப் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் காட்டியது. வால்சந்த் ஹிராசந்த் 1940-இல் தொடங்கிய அந்நிறுவனம், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்காக இதே வகை விமானங்களைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டும் ஓவர்ஹால் நிலையமாக இருந்தது. பிறர் குப்பையாகக் கண்டதில் அதன் தொழிலாளர்கள் கைப்பழக்கமான இயந்திரத்தைக் கண்டதற்கு அதுவே காரணம். ஒன்றில் உடைந்திருந்த பாகத்தை இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டி, ஒரே ஒரு பயணத்தைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, மிச்ச வேலையைப் பெங்களூருக்கு ஒத்திவைத்தார்கள். சுமார் 1,500 கிலோமீட்டர் நீண்ட அந்த ஒரு பயணத்தை, ஒன்றன்பின் ஒன்றாக 42 விமானங்களில், சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஓட்டி முடித்தார். அவர் பெயர் பள்ளிப் பாடநூலில் இடம்பெறத் தகுந்தது.

1948 நவம்பரில் இந்த விமானங்களைக் கொண்டு 5-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்கு இவற்றைப் பயன்படுத்தியது. 1968-இல் ஓய்வு பெற்றபோது, உலகில் 18,000-க்கும் மேல் கட்டப்பட்ட இவ்வகையில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. கனடா ஒன்றைப் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு லைசாண்டர் என்னும் பழைய விமானத்தைத் தில்லி பாலம் அருங்காட்சியகத்துக்குத் தந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் அருங்காட்சியகத்துக்கும் ஒரு லிபரேட்டர் தேவைப்பட்டது. 1974-இல் அதை இந்தியாதான் கொடுத்தது.