விருந்தினர்க்கு விருந்தினர்

ஊர்விட்டு ஊர் செல்லுதல் மக்கட்கு இயல்பு. பொருள் தேடிச் செல்வாரும், கல்வி நாடிச் செல்வாரும், கோயில் வழிபாட்டிற்குச் செல்வாரும் எக்காலத்தும் உளர். இவற்றுள் ஒன்றனையும் கருதாது, மலையையும் அருவியையும் கானகத்தையும் கண்டு களித்தற்கென்றே செல்வாரும் உளர். இக்காலத்தில் இன்னோர் தொகை மிகப் பெருகியுள்ளது. பயணம் நன்றே; அது கண்ணுக்கு விருந்தும் அறிவுக்கு உணவும் ஆகும். ஆயினும், காணச் சென்ற பொருளையே கெடுத்துவிட்டு மீள்வார் பலராயினர். தெளிந்த அருவியை நாடிச் சென்றவர் அதன் அடியில் நெகிழிக் குப்பையை விட்டு வருகின்றனர். அமைதியை விரும்பிக் காட்டினுள் புகுந்தவர் ஒலிபெருக்கியின் பேரோசையால் அவ்வமைதியைக் குலைக்கின்றனர். இவ்வாறு செய்யும் பயணத்தால் விளையும் பயன் யாது?

இக்கேடு கண்டு வருந்திய அறிஞர், சுற்றுலாவிற்கும் ஓர் ஒழுங்கு வகுத்தனர். அதனைச் 'சூழல் சுற்றுலா' என்று கூறுவர். இயற்கை எழில் வாய்ந்த இடங்கட்குப் பொறுப்புணர்ந்து செல்லுதல், அவ்விடத்தின் இயல்பு கெடாமற் காத்தல், அங்கு வாழும் மக்கட்கு நன்மை விளைத்தல் என்னும் மூன்றும் அதன் உறுப்புகளாம். ஐக்கிய நாடுகள் அவை 2002-ஆம் ஆண்டினை அனைத்துலகச் சூழல் சுற்றுலா ஆண்டு என அறிவித்தது. இவ்வொழுங்கு உலகம் முழுமைக்கும் வேண்டப்படுவது என்பது இதனாற் புலனாகும்.

இக்கருத்துத் தமிழர்க்கு முற்றும் புதியதன்று. நம் பண்டை இலக்கியத்துள் ஆற்றுப்படை என்பது ஒரு துறை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறியோனுக்கு அவ்வள்ளல்பாற் செல்லும் வழியைக் கூறுவதாக அஃது அமையும். எந்நிலத்தைக் கடந்து செல்ல வேண்டும், அங்கு வாழ்வார் இயல்பு யாது, அவர் மனம் மகிழுமாறு எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பனவெல்லாம் அதன்கண் உரைக்கப்பெறும். செல்லும் இடத்தின் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதலே பயணத்தின் முதற்கடன் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நாமும் அம்முறையைத் தழுவி, ஒரு குளத்திற்குச் செல்லும் வழியையும், சென்றவர் ஒழுகும் வகையையும் இங்குக் காண்போம்.

கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்தது திருப்பூர். பனியன் என்றவுடன் அந்நகரின் பெயரே எவர் நினைவிற்கும் வரும். நூல் நூற்றல், துணி பின்னுதல், சலவை செய்தல், சாயம் தோய்த்தல், தைத்தல் முதலிய பல தொழில்கள் அங்கு நடைபெறுகின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களினின்றும், வட மாநிலங்களினின்றும் மக்கள் பிழைப்பு நாடி அங்கு வந்து வாழ்கின்றனர். இயந்திர ஒலி இடையறாது கேட்கும் அந்நகர்க்கு அண்மையில், ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி நஞ்சராயன் குளம் என்னும் பெரிய நீர்நிலை உள்ளது. பன்னூறு ஆண்டுகட்கு முன்னர் நஞ்சராயன் என்னும் மன்னன் இதனைச் சீர்ப்படுத்தினான் என்றும், அதனால் இப்பெயர் பெற்றது என்றும் கூறுவர்.

இக்குளத்தின் பரப்பு ஏறத்தாழ 125 எக்டேர். அஃதாவது 310 ஏக்கர் அளவினது. நல்லாறு என்னும் ஓடை இதற்கு நீர் கொணர்கிறது. 191 வகைப் பறவைகளும், 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும், 21 வகை ஊர்வனவும், 77 வகைச் செடிகொடி மரங்களும் இங்குக் காணப்பெற்றதாகக் கணக்கிட்டுள்ளனர். கூழைக்கடா நீரிற் கூட்டமாய் நீந்தி மீன் பிடிக்கும். முக்குளிப்பான் ஒரு நொடியில் நீருள் மறைந்து மற்றோரிடத்தில் எழும். நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும். நாரையும் கொக்கும் கரையோரச் சேற்றில் அசையாது நின்று இரை தேரும். பனிக்காலம் வந்துவிடின், வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் நெடுந்தொலை பறந்து இங்கு வந்து சேரும்.

இவ்வாறு பருவந்தோறும் இடம் பெயர்தலை வலசை என்பர். வடக்கே நீர் உறைந்து இரை கிட்டாத காலத்தில் பறவைகள் தெற்கு நோக்கி வரும். வேனில் தொடங்குமுன் மீளும். வழிகாட்டும் பலகை இல்லை; தங்கிச் செல்ல விடுதி இல்லை. வழியிலுள்ள ஏரிகளும் குளங்களுமே அவற்றிற்குச் சத்திரமும் சாவடியும் ஆவன. தெற்கே குமரி வரை சென்று வடக்கே மீளும் நாரையைக் கண்டு, அதனிடம் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுத்தார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் வந்து மீளும் இயல்பினை நம் புலவர் கூர்ந்து நோக்கியிருந்தமைக்கு அது சான்றாகும்.

நஞ்சராயன் குளத்தின் சிறப்பை உணர்ந்த தமிழ்நாடு அரசு, 2022-ஆம் ஆண்டில் அதனை மாநிலத்தின் 17-ஆம் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. ஈர நிலங்களைக் காத்தற்கென ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அவ்வுடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈர நிலங்களின் வரிசையில் 2024-ஆம் ஆண்டு இக்குளமும் இடம் பெற்றது. ஆலைகள் நிறைந்த ஒரு நகரின் அருகே இத்தகைய குளம் அமைந்திருப்பது அரிய பேறு அன்றோ?

இப்பேற்றின் அருமையை அறிய வேண்டின், அப்பகுதியின் ஆறு பட்ட பாட்டையும் அறிதல் வேண்டும். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியோடு கலக்கிறது. பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்கு மிக்க நீரும் மிக்க உப்பும் வேண்டும். தொழில் வளர்ந்த விரைவிற்கு ஏற்பக் கழிவினைத் தூய்மை செய்யும் ஏற்பாடு வளரவில்லை. சாயமும் உப்பும் கலந்த நீர் ஆற்றில் இறங்கியது. உழவர் பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று. கிணற்று நீர் உவர்த்தது. வயல்கள் வளம் குன்றின. உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடலாகாது என்னும் ஆணை நிறைவேற்றப்படாமையின், 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாய, சலவை ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் பலர் வேலையிழந்து வருந்தினர். பின்னர், கழிவு நீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே வடித்துத் தூய்மையாக்கி, அந்நீரையே மீண்டும் சாயத் தொழிலுக்குப் பயன்கொள்ளும் முறையினைக் கைக்கொண்டு ஆலைகள் இயங்கத் தொடங்கின. ஆற்றைக் கெடுத்தவர் உழவரையும் கெடுத்தனர். முடிவில் தம் தொழிலுக்கும் தாமே இடையூறு ஆயினர். நீர்நிலையின் கேடும் மக்களின் கேடும் வேறு வேறு அல்ல என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இனி, குளத்தைக் காணச் செல்வார் இயல்பினை நோக்குவோம். ஆறு நாள் ஆலையில் உழைத்தவர், ஏழாம் நாள் பிள்ளைகளுடன் குளக்கரைக்குச் செல்ல விரும்புதல் இயற்கை. அவ்விருப்பத்தை எவரும் குறை கூறார். ஆயினும் அங்கே நம் நிலை யாது என்பதை எண்ணுதல் வேண்டும். பறவைகள் அக்குளத்திற்கு வந்த விருந்தினர். அவ்விருந்தினரைக் காணச் செல்லும் நாம், விருந்தினர்க்கு விருந்தினர் ஆகின்றோம். ஒருவர் இல்லத்திற்கு விருந்தாகச் சென்றவன் அங்கு உரக்கக் கூவுவானா? உறங்கும் குழவியை எழுப்புவானா? உண்ட இலையை நடுக்கூடத்தில் எறிவானா? எறிவானாயின், அவனை மீண்டும் அழைப்பார் எவர்?

நாம் சிறிதெனக் கருதும் செயல் பறவைக்குப் பெருந்தீங்காய் முடியும். வலசை வந்த வாத்து, திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்கென இரை உண்டு உடலிற் கொழுப்பைச் சேமிக்கிறது. நாம் கல் எறிந்தோ கூச்சலிட்டோ அதனை எழுப்புந்தோறும், சேமித்த வலிமை வீணாகச் செலவாகிறது. 'பறக்கும் அழகைக் காண எழுப்பினேன்' என்பான், அதன் வழியுணவைப் பறித்தவன் ஆகின்றான். கூட்டின் அருகே சென்று படம் எடுப்பின், தாய்ப்பறவை அஞ்சி அகலும். அவ்வளவில் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் கவர்ந்து செல்லும். நாம் அன்பினால் எறியும் பொரியும் ரொட்டியும் அவற்றிற்கு உரிய உணவல்ல. எஞ்சியது நீரில் அழுகி நீரையும் கெடுக்கும். கரையிற் கிடக்கும் நூலும் தூண்டில் இழையும் காலிற் சிக்கி, பறக்க இயலாது பறவை மாளும்.

இவ்வொழுக்கத்தைக் கற்றுத் தருவதற்குத் தமிழகத்துச் சிற்றூர்களே போதும். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில ஆட்சியாளரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் லயனல் பிளேசு என்னும் கலெக்டர் அவர்தம் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை அம்மக்கள் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் புகலிடத்துப் பறவைகள் அஞ்சும் என்று கருதி, தீபாவளித் திருநாளிலும் ஊரார் வெடி வெடிப்பதில்லை. புத்தாடை அணிந்த சிறுவர் வெடியின்றி விழாக் கொண்டாடுதல் எளிதா? ஆண்டுதோறும் அவ்வூர்ச் சிறுவர் அதனைச் செய்கின்றனர். ஒரு நாட்பொழுது விருந்தாகச் செல்லும் நாம் ஒரு மணி நேரம் குரல் தாழ்த்துதல் இயலாததன்று.

ஆதலின், குளம் காணச் செல்வார் கடைப்பிடித்தற்கு உரியன சில உள. நகரப் பேருந்திலோ மிதிவண்டியிலோ செல்லுதல் நன்று. புகையும் ஓசையும் குறையும். உணவையும் நீரையும் துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பையிலும், மீண்டும் பயன்படும் கலத்திலும் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. 2021-ஆம் ஆண்டில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. நாட்டிற்கு ஆடை தரும் திருப்பூர் மக்கட்குத் துணிப்பை கிடைத்தல் அரிதா? கொண்டு சென்ற பொருளின் உறையையும் தோலையும் மீளக் கொணர்தல் வேண்டும். கரையை விட்டு நீரோரம் இறங்காது, தொலைநோக்கியாற் காணுதல் வேண்டும். இறகையும் முட்டையையும் எடுத்தலாகாது. தின்பண்டமும் இளநீரும் வேண்டின், அவ்வூர் மக்களிடமே வாங்குதல் முறை. குளத்தால் தமக்கு நன்மை உண்டு எனக் காணும் ஊரார் அதனைத் தம் பொருளாய்ப் போற்றுவர்.

இவற்றினும் மேலான கடமை ஒன்று உண்டு. நல்லாற்றின் வழியே குளம் சேரும் நீர், மக்கள் குடியிருக்கும் இடங்களைக் கடந்தே வருகிறது. நாம் நம் தெருவின் ஓடையில் எறியும் குப்பையும், விடும் கழிவும் மழைநாளில் மிதந்து சென்று குளத்தையே அடையும். நாம் குளத்திற்கு ஒரு நாள் செல்கிறோம். நம் கழிவோ நாள்தோறும் செல்கிறது. கரையில் நின்று அமைதி காத்து, வீட்டிற்கு வந்து வாய்க்காலில் குப்பை கொட்டுவான் செய்த பயணம் பொறுப்புடைய பயணம் ஆகாது. நம் வீட்டு வாயிலிலிருந்தே அப்பயணம் தொடங்குகிறது என்று அறிதல் வேண்டும்.

மாணவர்களே! பனிக்காலத்தில் நும் ஊர்க் குளத்திற்கும் தொலைநாட்டுப் பறவைகள் வரலாம். அவற்றைக் காணச் செல்லுங்கள். பெயரறிந்து எண்ணிக் குறித்து வாருங்கள். நீங்கள் சென்று மீண்ட பின்னர் அக்கரையில் நும் காலடிச் சுவடன்றி வேறொன்றும் எஞ்சாதிருக்கட்டும். வந்த விருந்து மனம் நோகாது சென்றால், அடுத்த ஆண்டும் நம் ஊரை நாடி வரும்.

பயிற்சி

1. சூழல் சுற்றுலாவின் உறுப்புகள் மூன்றனையும் கூறுக.
2. 'விருந்தினர்க்கு விருந்தினர்' என்னும் தலைப்பின் பொருத்தத்தை விளக்குக.
3. நொய்யல் ஆற்றின் வரலாற்றால் நாம் அறியும் பாடம் யாது?
4. நும் ஊர் நீர்நிலைக்குச் செல்லும் நண்பர்க்கு வழியும் ஒழுங்கும் கூறி ஒரு கடிதம் வரைக.