டிக்ரி கைக்கு வந்த பிறகு: வசூலுக்கு எந்த வழி?

சங்கரன்கோவில் சார்பு நீதிமன்றத்திலோ முன்சீப் கோர்ட்டிலோ ஜெயித்து டிக்ரி நகலை வாங்கியவர்களில் பலர், இனிப் பணம் தானாக வந்துவிடும் என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோர்ட் தானாக எதையும் வசூலித்துத் தராது. நிறைவேற்றுதல் மனு, அதாவது இ.பி., தனியாகப் போட வேண்டும். அந்த மனுவில் எந்த வழியைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே, ஆறு மாதத்தில் காரியம் முடியுமா, பத்து வருடம் வாய்தாவுக்கு அலைய வேண்டுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

இது மிகையில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பெரியம்மாள் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. 1986-இல் தொடங்கிய வழக்கு அது. நாட்டில் நிலுவையிலுள்ள நிறைவேற்றுதல் மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் கணக்குப் பார்த்தபோதும் 8,82,578 மனுக்கள் பாக்கி. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல்.

பணத்துக்கான டிக்ரி என்றால் முதலில் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டிக்ரி ஆகி 30 நாளாகியும் பணம் வரவில்லை என்றால், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய எதிராளிக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் ஆணை, 41-ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. உத்தரவை மதிக்காதவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இவ்வளவு வலுவான இந்த விதியை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்பதே என் வருத்தம்.

எதிராளி ஆசிரியர், அரசு ஊழியர், மின்வாரியத்தில் இருப்பவர் என்றால் சம்பள ஜப்தியே நல்ல வழி. ஏலம் வேண்டாம், கோர்ட் ஊழியரான அமீனா வீடு தேடிப் போக வேண்டாம். சம்பளம் கொடுக்கும் அலுவலரே பிடித்து அனுப்புவார். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலக்குள்ள படிகள் போக மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதி 39,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. உங்களுக்கு வருவது 13,000. அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். அதற்குப் பிறகு அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. ஆக 3,12,000 ரூபாய் வரும். பாக்கி ஆறு லட்சம் என்றால் பாதிதான் ஆச்சு, மற்றதற்கு வேறு சொத்தைத் தேட வேண்டும். அவர் ஓய்வு பெறப் போகிறாரா என்பதையும் விசாரியுங்கள். அரசு ஓய்வூதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் ஜப்தி செய்ய முடியாது.

தறி ஊரான சங்கரன்கோவிலில் கேள்வி வேறு விதமாக வரும். அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்கிறவரின் கூலியைச் சட்டம் முழுக்கக் காப்பாற்றுகிறது. அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும் காப்பாற்றுகிறது. கைவினைஞரின் தொழில் கருவிக்கும் விலக்கு உண்டு. சொந்த வீட்டில் ஒன்றிரண்டு தறி போட்டுத் தானே ஓட்டுகிறவர் அந்த விலக்கைக் கேட்டு வாதாடுவார், வாய்தாவும் நீளும். அந்தத் தறியைக் கழற்றி ஏலம் விட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். அவர் சம்பாதித்துக் கொடுக்கும் வழியும் அடைபடும். தறியை விட்டுவிட்டு, அவருக்குப் பணம் தர வேண்டியவர் யார் என்று பாருங்கள். சேலையை எடுத்துக்கொண்டு பாக்கி வைத்திருக்கும் ஜவுளி வியாபாரி இருந்தால், அந்தப் பாக்கியை நேராகக் கோர்ட்டில் கட்டும்படி அவருக்கு உத்தரவு வாங்கலாம். அதே 21-ஆம் ஆணையின் 46-A விதி இதற்காகவே இருக்கிறது. வங்கிக் கணக்கையும் இப்படி முடக்கலாம். வியாபாரியிடம் வசூலிக்க இதைவிட வேகமான வழி இல்லை என்பது என் கருத்து. கணக்கில் பணம் இருக்கிற நேரமாகப் பார்த்து மனுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நிலம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றால் ஜப்தியும் ஏலமும். விவசாயி குடியிருக்கும் வீடு, ஏர், உழவு மாடு, விதை தானியம் இவற்றுக்கு விலக்கு உண்டு. வயலுக்கு அந்த விலக்கு இல்லை. ஜப்தியின் பெரிய பலன், அதற்குப் பிறகு அவர் நிலத்தை யாருக்கு விற்றாலும் அந்த விற்பனை உங்கள் டிக்ரியை அசைக்காது. ஜப்தி உத்தரவு சார்பதிவாளருக்கும் போய்ச் சேருகிறதா என்று கவனியுங்கள். பல கடன்கள் ஜப்தி ஆன கட்டத்திலேயே பேசி முடிந்துவிடுகின்றன. ஏலம் வரை போனால் பொறுமை வேண்டும். கடனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு நிலத்தைத்தான் விற்கலாம். மூன்று லட்சக் கடனுக்கு ஐந்து ஏக்கரையும் ஏலத்தில் வைத்தால் பின்னால் அந்த ஏலமே ரத்தாகும். எடுத்தவர் உடனே கால் பங்கும், 15 நாளில் முழுத் தொகையும் கட்ட வேண்டும். கடனாளி 60 நாளுக்குள் டிக்ரித் தொகையோடு, ஏலத் தொகையில் நூற்றுக்கு ஐந்தும் சேர்த்துக் கட்டினால் நிலம் அவருக்கே திரும்பும். நிலம் ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்தால் வங்கிக் கடன் போகத்தான் உங்களுக்கு.

"ஆளை உள்ளே தள்ளுங்கள், தன்னால் கொடுப்பான்" என்று வக்கீலிடம் கேட்பவர்கள் நிறைய. கைது மனுவை முதல் வழியாகக் கேட்பதை நான் முழுக்க எதிர்க்கிறேன். பணம் இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றுகிறார், அல்லது சொத்தை மறைக்கிறார், ஓடப் பார்க்கிறார் என்று நீங்கள் காட்ட வேண்டும். இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் வைப்பது நியாயமாகாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்; இன்றும் நீதிமன்றங்கள் அதையே பின்பற்றுகின்றன. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. சூரியன் மறைந்த பிறகு இதற்காக யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. சிறை அதிகபட்சம் மூன்று மாதம், சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளியே வந்தவரை அதே டிக்ரிக்காக மறுபடி கைது செய்ய முடியாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும். சொத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு வசதியாக வாழ்கிறவருக்குத்தான் இந்த வழி பொருந்தும். அதற்கும் முதலில் 41-ஆம் விதிப்படி சொத்து விவரத்தை வாங்கி வைத்திருந்தால் உங்கள் கை வலுக்கும்.

இடத்தைக் காலி செய்து தரச் சொல்லும் டிக்ரியில் தேர்வுக்கு அதிக இடமில்லை. அமீனா போய்ச் சுவாதீனம் எடுத்துத் தருவார். தகராறு வரும் என்றால் போலீஸ் பாதுகாப்புக்கும் பூட்டை உடைக்கவும் முன்கூட்டியே உத்தரவு வாங்குங்கள். நான்கெல்லை சரியில்லாத டிக்ரிகள்தான் இங்கே அதிகம் தடுமாறுகின்றன. மனுவோடு வக்கீல் கமிஷனரையும் சர்வேயரையும் கேட்டுவிடுங்கள். மூன்றாம் ஆள் வந்து தடுத்தால் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, அதையும் அதே மனுவிலேயே கோர்ட் விசாரித்து முடிவு செய்யும்.

கெடு தெரியாமல் தோற்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பண டிக்ரிக்கும் சுவாதீன டிக்ரிக்கும் 12 வருடம். சுவரை இடி, பாதையைத் திற என்று ஒன்றைச் செய்யச் சொல்லும் டிக்ரிக்கு மூன்றே வருடம். நுழையாதே, தடுக்காதே என்னும் நிரந்தரத் தடைக்குக் கெடு இல்லை. எதிராளி அப்பீல் போட்டிருக்கிறார் என்பதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தடை உத்தரவு வாங்கியிருந்தால் ஒழிய அப்பீல் உங்கள் மனுவை நிறுத்தாது. அவர் சென்னைக்கோ திருப்பூருக்கோ குடிபோய், சொத்தும் அங்கேதான் இருக்கிறது என்றால், டிக்ரியை அந்த ஊர் கோர்ட்டுக்கு மாற்றித் தர மனுப் போடலாம்.

தவணையாகத் தருகிறேன் என்று எதிராளி இறங்கி வந்தால் மறுக்காதீர்கள். ஆனால் திண்ணையில் பேசி முடிக்காமல் லோக் அதாலத்திலோ கோர்ட்டிலோ எழுத்தில் பதியுங்கள். இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். ஜப்தி நிலுவையில் இருந்தால் கடைசித் தவணை வரை அதை எடுத்துவிடாதீர்கள். கொடுக்கிறவருக்கும் ஒன்று: கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை 30 நாளுக்குள் மனுப் போட்டுக் கோர்ட்டில் பதியாவிட்டால், கையில் ரசீது இருந்தாலும் நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது.