மூடியை எந்தப் பக்கம் திருப்புவது?

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் ஒரு சிறுகதையின் கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தார். 1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இருந்தவர் அவர். கதையை எழுதியது இக்கட்டுரையாளர். கதாநாயகன் குண்டுமழைக்கு நடுவே நெஞ்சு படபடக்க, உடல் வியர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறுகிறான். படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. ஆனா இவன் தண்ணியே குடிக்கலயே?"

"எப்பங்கய்யா?"

"எனக்கு வாயெல்லாம் காஞ்சு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. வாட்டர் பாட்டில் கையிலதான் இருக்கு. மூடியை எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியல. கையெல்லாம் நடுங்கல, மறந்துபோச்சு. பக்கத்துல இருந்த பையன் வாங்கித் திறந்து குடுத்தான்."

அந்தக் கதை முழுவதும் மறுபடி எழுதப்பட்டது. 'படபடப்பு', 'நடுக்கம்', 'வியர்வை' என்று எல்லோரும் எடுத்தாளும் சொற்கள் போய், ஒரு மூடி வந்தது.

பயத்தில் உடல் என்ன செய்கிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் ஒரு நூலில் விளக்கினார். எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடல் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது. குடலுக்கும் தோலுக்கும் போகும் ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. உமிழ்நீர் வற்றுகிறது. கதை எழுதுபவருக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: ஓடவும் தள்ளவும் தூக்கவும் பலம் கூடுகிறது, விரல் நுனி வேலைகள் கெடுகின்றன. பொத்தான் போடுவது, முடிச்சு அவிழ்ப்பது, துப்பாக்கியில் புதிய மேகஸினைப் பொருத்துவது எல்லாம் தடுமாறும். காயம்பட்டவனைத் தோளில் சுமந்து ஓடுகிற அதே வீரனால் அவன் காயத்துக்குக் கட்டுத்துணிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் போகலாம். இந்த முரணை எழுதினால், 'பயம்' என்ற சொல்லே தேவைப்படாது.

காதும் கண்ணும் அப்படித்தான். துப்பாக்கிச் சண்டையில் சிக்கிய போலீஸ்காரர்கள் பலர், தாங்கள் சுட்ட சத்தமே தங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பார்வை சுருங்கி, எதிராளியின் கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது என்பதும் அடிக்கடி வரும் வாக்குமூலம். 'டமால், டுமீல்' என்று பக்கம் முழுக்க ஓசையை நிரப்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். போரின் நடுவே ஒருவனைச் சுற்றி அமைதி கவிவதுதான் பல நேரம் உண்மை.

நேரம் மெதுவாக நகர்ந்தது என்பார்களே, அது? அமெரிக்க நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மேன் குழுவினர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இருந்த வலைக்குள் விழச் செய்தார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாக மதிப்பிட்டார்கள். ஆனால், விழும்போது மணிக்கட்டில் கட்டிய கருவியில் வேகமாக மாறிய எண்களை வழக்கத்தைவிட நன்றாக அவர்களால் படிக்க முடியவில்லை. நேரம் நீண்டது நினைவில்தான். ஆகவே, சண்டையைப் பிறகு நினைத்துப் பார்க்கிற பாத்திரம் ஒரு நொடியை ஒரு பக்கத்துக்குச் சொல்லலாம். சண்டைக்குள்ளேயே இருக்கிறவனுக்கு அவ்வளவு அவகாசம் கொடுத்தால் பொய்யாகத் தெரியும்.

அடிபடும் கணத்தை எழுத ஜார்ஜ் ஆர்வெல்லைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937 மே 20 அதிகாலை, ஊயெஸ்கா அருகே காவல் வீரர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைத் தோட்டா துளைத்தது. மறு ஆண்டு வெளியான நூலில் அதை எழுதினார். வலி இல்லை, பெரிய வெடிப்பின் நடுவே நிற்பதுபோல ஓர் அதிர்ச்சி, முழங்கால் மடிகிறது. பக்கத்தில் இருந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைக்கிறார். பிறகு மனைவியின் நினைவு. அதற்கும் பிறகு, இந்த உலகத்தை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம். அந்தத் தவறான ஊகம்தான் பொன். ஆபத்தில் இருப்பவர் நடப்பதைத் தப்பாகப் புரிந்துகொள்வார். நம் பாத்திரங்கள் மட்டும் எல்லாவற்றையும் தெளிவாகப் புரிந்துகொண்டே சாகிறார்கள்.

அதே ஸ்பானியப் போரில் பங்கேற்ற 300 அமெரிக்கத் தொண்டர்களிடம் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டாலர்டு பயம் பற்றிக் கேட்டு, 1943இல் நூலாக்கினார். முதல் சண்டைக்குப் போகும்போது பயந்ததாகப் பத்தில் ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலோருக்குப் பயம் உச்சத்தில் இருந்தது சண்டை தொடங்குவதற்குச் சற்று முன். நாவலாசிரியர்களோ காத்திருப்பை ஒரே வரியில் கடந்து முதல் வேட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி நான்கு பக்கமாக வேண்டும். ஒருவன் ஷூ கயிற்றை மூன்று தடவை கட்டுகிறான், ஒருவன் ஓயாமல் சிறுநீர் கழிக்கப் போகிறான், ஒருவன் தூங்கியே விடுகிறான்.

பயம் ஆளுக்கு ஆள், பதவிக்குப் பதவி வேறுபடும். முதல் உலகப் போரில் மனம் நொறுங்கிய வீரர்களுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர் டாக்டர் ரிவர்ஸ். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவரது நோயாளி. சாதாரணச் சிப்பாய்களுக்குப் பேச்சே நின்றுபோவதும், அதிகாரிகளுக்குத் திக்குவாய் வருவதும் அதிகம் என்று ரிவர்ஸ் கவனித்தார். கட்டளை இட வேண்டியவனால் முழுதாக ஊமையாகவும் முடியவில்லை. ஒரு பாத்திரத்தின் பயத்தைத் தீர்மானிக்கும் முன், அவன் யாருக்கு முன்னால் பயப்படுகிறான் என்று பார்ப்பது நல்லது.

நம் மரபில் இதற்கெல்லாம் இடமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர் என நான்கைச் சொல்கிறது. போர்க்களத்துப் பகைவன் அந்தப் பட்டியலில் இல்லைதான். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார், தோற்று ஓடும் வீரர்களை எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்! ஒருவன் வில்லின் நாணையே பூணூலாக மடித்துப் போட்டுக்கொண்டு, கங்கையாடப் போனவன் என்கிறான். ஒருவன் ரத்தம் தோய்ந்த கொடித்துணியைப் போர்த்தித் தலையை மழித்துப் பௌத்தத் துறவியாகிறான். யானை மணியைத் தாளமாக்கிப் பாணன் வேடம் போடுகிறவனும் உண்டு. தோற்ற பகைவரை ஏளனம் செய்ய எழுதியதே என்றாலும், உயிர் பிழைக்கத் துடிக்கும் கை அருகில் எது கிடைக்கிறதோ அதைத்தான் பற்றும் என்பது அதில் இருக்கிறது. பரணியில் நாண். திராஸில் மூடி.

போருக்கே போகாதவர் போரை எழுதலாமா? ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல்; அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டு கழித்து. 1895இல் அவர் வெளியிட்ட நாவல், களத்தில் பயந்து ஓடும் ஓர் இளைஞனின் மனத்தை அந்தப் போரின் வீரர்களே நம்பும்படி காட்டியது. தமிழில் போராளியாக இருந்து எழுத வந்த ஷோபாசக்தி, குணா கவியழகன் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்காமல் போர்க் கதை எழுத உட்காரக் கூடாது.

சண்டை ஓய்ந்த பிறகு வருவதையும் விட்டுவிடாதீர்கள். நடுக்கம் பல நேரம் அப்போதுதான் வரும். கூடவே காரணமில்லாத சிரிப்பும், அடங்காத பசியும், அடித்துப் போட்டாற்போல் தூக்கமும்.

உங்கள் ஊரிலும் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருப்பார். போய்ப் பாருங்கள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் நாளே சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை போங்கள். பேச்சு பாதியில் நின்றால், அதோடு விட்டுவிடுங்கள்.