பூனையின் சர்க்கரைக்கு மனிதரின் மாத்திரை

நம்பிக்கை: நீரிழிவு வந்த பூனைக்கு இயற்கையான துணை மாத்திரை கொடுத்தால் இன்சுலினைக் குறைக்கலாம், பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை.

இதில் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் ஆபத்தானது. ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தைப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ளவர்களுக்கு எழுதித் தரப்படும் மாத்திரைகளில் இது இருக்கும். நீரிழிவு கட்டுக்குள் வராத பூனையும் பின்னங்கால் மடிந்து, குதிகால் தரையில் பட நடக்கத் தொடங்குவதுண்டு. அதுவும் நரம்புக் கோளாறுதான் என்பதால், நமக்குக் கேட்கும் மருந்து அதற்கும் கேட்காதா என்று தோன்றிவிடுகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனிதர், நாய், எலி ஆகியவற்றில் அறியப்பட்டதைவிடப் பூனைக்கு இதன் நச்சுத்தன்மை சுமார் 10 மடங்கு. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோதே கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டன. 4 கிலோ பூனைக்கு அது 120 மில்லிகிராம். மனிதர்களுக்கான ஒரே மாத்திரையில் 300 இருப்பது சாதாரணம். பி12 என்று நினைத்து வாங்கும் மீத்தைல்கோபாலமின் மாத்திரையிலும் இது கலந்திருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் கொடுக்கக் கூடாது.

பட்டை, வெந்தயம், பாகற்காய் எல்லாம் சமையலறைப் பொருள்தானே என்பார்கள். சமையலறைப் பொருளுக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு பூனையின் கல்லீரலுக்குத் தெரியாது. தாவரங்களில் உள்ள பல வேதிப்பொருள்களைக் கரைத்து வெளியேற்றும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனைகளில் செயலிழந்துவிட்டது. பாராசிட்டமால் அவற்றைக் கொல்வதற்கும் இது ஒரு காரணம். அதோடு, வெந்தயம் நமக்கு உதவுவது பெரும்பாலும் சோற்றின் மாவுச்சத்து ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தித்தான். பூனையோ இறைச்சியுண்ணி, மாவுச்சத்து அதற்குத் தேவையே இல்லை. தட்டிலிருந்து சோற்றையும் மாவு மிகுந்த உலர் தீவனத்தையும் எடுத்துவிடுவதை விட்டுவிட்டு, அவற்றின்மேல் வெந்தயப்பொடி தூவுவதில் என்ன பொருள்? சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லப்படும் குரோமியம் பற்றிப் பூனைகளில் நடந்த ஆய்வுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

“கொடுத்தோம், சர்க்கரை குறைந்ததே!” என்பதுதான் வலுவான எதிர்வாதம். குறைந்திருக்கலாம். பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. தொடக்கத்திலேயே இன்சுலின் போட்டு, மாவுச்சத்துக் குறைந்த உணவு கொடுத்து, எடையையும் குறைத்தால் கணிசமான பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. அந்த வாரங்களில் எந்தத் துணை மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். அளவீட்டிலும் சிக்கல் இருக்கிறது. மருத்துவமனையில் பயத்தினாலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும். வீட்டில் எடுத்தால் இறங்கியிருக்கும். இந்த வித்தியாசத்தை மாத்திரையின் வேலை என்று எண்ணாமலிருக்க, முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உதவும். மாத்திரை உண்மையாகவே சர்க்கரையைக் குறைத்தால் ஆபத்து இன்னும் கூடும்: இன்சுலின் அளவு பழையபடியே தொடர, பூனை தள்ளாடி, வலிப்பு வந்து விழலாம்.

அப்படியானால் எந்தச் சத்தும் கூடுதலாக வேண்டாமா? டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் இதயத்தசை தளர்ந்துவிடும் என்பது 1987இலேயே தெரியவந்தது. தரமான தீவனங்களில் அது சேர்த்தே வருகிறது, வீட்டில் சமைத்துப் போடுபவர்கள்தான் கவனிக்க வேண்டும். பி12 குறைபாடு குடல், கணைய நோயுள்ள பூனைகளுக்கு வரக்கூடும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் கால்நடை மருத்துவரே ஊசியாகவோ மாத்திரையாகவோ தருவார். மடிந்து நடக்கும் கால்களைப் பொறுத்தவரை, சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பல பூனைகளுக்கு மெதுவாகத் தேறுகிறது, அதற்கு மாதக்கணக்கிலும் ஆகலாம்.