வேண்டுமா, வேண்டாமா?

ஐப்பசி மாதம். ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் உழவர் தம் சம்பா வயலுக்கு மேலுரம் இடக் காத்திருக்கிறார். அவருடைய செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"விவசாயிகளுக்கு: நாளை மழை வரும் என்பதால் சம்பா வயலுக்கு யூரியா இட வேண்டாம்"

நல்ல யோசனைதான். பெருமழைக்கு முன்னால் இட்ட யூரியா தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும். ஆனால், அவர் திரையில் தெரிந்தது இதுதான்:

"விவசாயிகளுக்கு: நாளை மழை வரும் என்பதால் சம்பா வயலுக்கு யூரியா இட வேண்ட"

வேண்டுமா, வேண்டாமா? தமிழில் ஆம், இல்லை என்பது வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. அந்த வாலையே யாரோ நறுக்கிவிட்டார்கள்!

இது நான் கற்பனை செய்த செய்திதான். ஆனால் அது ஏன் சரியாக அந்த இடத்தில் அறுந்தது என்பது கற்பனையல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம் உண்டு. ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே மொத்தம் 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 1120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்துகள் அடங்குவது இதனால்தான். தமிழ் எழுத்துகளை அனுப்ப யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டுமுறை தேவை. அதில் ஒரு குறிக்கு 16 பிட். இப்போது வகுத்துப் பாருங்கள்: 70 குறிகள்தாம் அடங்கும்.

"குறி" என்றேன், "எழுத்து" என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? "தஞ்சாவூர்" என்பதில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் ஐந்து என்பீர்கள். கணிப்பொறியோ ஒன்பது என்னும். அதற்குப் புள்ளி தனிக்குறி, கால் தனிக்குறி, ஊகாரத்தின் சுழி தனிக்குறி. த, ஞ, புள்ளி, ச, கால், வ, சுழி, ர, புள்ளி – ஆக ஒன்பது. நம் உழவருக்கு வந்த செய்தியில் பள்ளிக்கூடக் கணக்குப்படி 37 எழுத்துகள். இடைவெளிகளையும் முக்காற்புள்ளியையும் சேர்த்தால் 47. கணிப்பொறியின் கணக்கிலோ 73! எழுபதாவது குறி, "வேண்டாம்" என்பதில் வரும் "ட". எழுபத்தோராவது குறி அதன் கால். அந்தக் கால் இருந்தால் "வேண்டாம்". அதே இடத்தில் உகரம் இருந்தால் "வேண்டும்". கத்தி விழுந்த இடம் அது.

நீளமான செய்தியை இரண்டு துண்டாக அனுப்பி, வாங்கும் போனில் ஒட்டவைக்கும் முறை உண்டு. எந்தத் துண்டு முதலில், எது அடுத்து என்று சொல்லும் சீட்டுக்காக ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடும். மிச்சத்தில் 67 குறிகள் அடங்கும். இந்த ஒட்டும் வேலையையே எழுதாமல் ஒரு மென்பொருள் வெளிவந்தால் அதை விடுபட்ட வசதி என்கிறோம். வேலையை எழுதியிருந்தும் சீட்டைப் படிக்கத் தவறி, இரண்டாம் துண்டை முன்னால் ஒட்டினால் அது பிழை. ஆங்கிலத்தில் இந்தப் பிழைக்குப் "பக்", அதாவது பூச்சி என்று பெயர். 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்ட் மார்க் 2 என்ற கணிப்பொறிக்குள் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தச் சொல் அதற்கும் முன்பே பொறியாளர்களிடம் வழங்கிவந்ததுதான். ஆனால் பூச்சியைக் கையோடு பிடித்தது அன்றுதான் போலும்.

இவ்வளவு எளிய குறை, செய்தவர் கண்ணில் ஏன் படவில்லை? அவர் ஆங்கிலத்தில் சோதித்திருப்பார். 73 குறி உள்ள ஆங்கிலச் செய்தி 160-க்குள் சௌகரியமாக அடங்கிவிடும். ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தக் குறை தலைகாட்டாது.

இதற்காகத்தான் வெள்ளோட்டம். 2015-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதுத்தேர் செய்தபோது, திருவிழாவுக்கு முன் அதை வீதிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பட்டறையில் நன்றாக நிற்கும் தேர், வீதி முனையில் திரும்புமா என்பதை வீதியில்தான் அறிய முடியும். மென்பொருளுக்கும் இப்படித்தான். செய்தவர்களே தங்களுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஆல்பா பதிப்பு. வெளியாரிடம் கொடுத்து ஓட்டச் சொல்வது பீட்டா பதிப்பு. இரண்டும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரு எழுத்துகளின் பெயர்கள். ஐபோன் மென்பொருளின் பீட்டா பதிப்பு 2015 முதல் பொதுமக்களுக்கும் கிடைக்கிறது.

டெல்டா மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆடுதுறையில் இருக்கிறது. அங்கே 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு புது ரகத்தை உடனே வெளியிட்டுவிடாது. முதலில் நிலையத்து வயல், பிறகு பல ஊர் நிலையங்கள், பிறகு உழவர்களின் சொந்த வயல்கள். மண்ணும் தண்ணீரும் மாறும்போதுதான் ரகத்தின் குறை தெரியும். அப்படியும் எல்லாம் தெரிந்துவிடாது. டெல்டாவில் பேர்பெற்ற சி.ஆர். 1009 நல்ல விளைச்சல் தருவது. ஆனால் வெள்ளத்தில் நாட்கணக்காக மூழ்கினால் அழுகிவிடும். பின்னர் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து மூழ்கினாலும் தாங்கும் மரபணுவைச் சேர்த்து, சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். மென்பொருள்காரர் பாஷையில் சொன்னால், விடுபட்ட வசதியை அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள்!

ஒரே தமிழ், ஆனால் கணிப்பொறித் தளங்கள் பல: ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ். யூனிகோடு எண்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் எண்ணை எழுத்தாக வரையும் வேலையை ஒவ்வொரு தளமும் தன் சொந்த நிரலைக் கொண்டு செய்கிறது. "நெல்" என்பதைச் சேமிக்கும்போது முதலில் ந, பிறகுதான் கொம்பு. திரையில் வரையும்போது கொம்பை நகரத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த இடமாற்றம் எழுதப்படாத போனில் கொம்பு பின்னால் போய் நிற்கும். தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. வெறும் கட்டங்கள்தாம் தெரியும். அப்போது தமிழர்கள் ஓபரா மினி என்ற உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு சாவியைத் திருப்பிவைத்தார்கள். அதன்பின் தொலைவிலுள்ள கணிப்பொறி தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். பரவாயில்லை, கெட்டிக்காரத்தனமான ஒட்டுப்போடுதல்!

ஒரு தளத்தின் பூச்சி இன்னொன்றில் இருக்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில், தெலுங்கில் "ஜ்ஞா" என்ற கூட்டெழுத்து ஐபோன்களைத் திணறடித்தது. அது ஒரு குறிப்பிட்ட குறிவரிசையில் செய்தியாக வந்தால், அதைக் காட்ட முயன்ற செயலி மூடிக்கொண்டது. அறிவிப்பாகத் தோன்றினால் முகப்புத் திரையே முடங்கியது. வங்காள, தேவநாகரி எழுத்துகளிலும் இத்தகைய வரிசைகள் அகப்பட்டன. ஆண்ட்ராய்டு போனில் அதே எழுத்து சாதுவாக நின்றது! வேடிக்கை என்னவென்றால், அப்போது வெளியாகியிருந்த 11.2.5 பதிப்பில்தான் இந்தப் பிழை, வெள்ளோட்டத்திலிருந்த 11.3-இல் இல்லை. அதுவரை காத்திருக்க முடியாமல், பிப்ரவரி 19 அன்று 11.2.6 என்ற திருத்தப் பதிப்பை ஆப்பிள் வெளியிட்டது. தெலுங்கு பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தும், வெளியீட்டுக்கு முன் அது பிடிபடவில்லை.

இனி, விடுபட்ட வசதிக்குத் தஞ்சையின் சொந்தச் சான்று. பழைய நிலக்கணக்கு ஏடுகளில் கலம், குறுணி, பதக்கு, வேலி, மா எல்லாம் வரும். இரண்டு குறுணி ஒரு பதக்கு, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6 2/3 ஏக்கர். பின்னங்கள் முந்திரி வரை போகும். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு! இவற்றில் பலவற்றைச் சொல்லாக எழுதாமல் ஒரே கீறலில் குறியாக எழுதிவிடுவார் கணக்குப்பிள்ளை. நெல்லுக்குக் குறி, நன்செய்க்குக் குறி, புன்செய்க்குக் குறி, "செலவு போக" என்பதற்குக்கூடக் குறி. இந்தக் குறிகள் யூனிகோடில் வெகுகாலம் இல்லை. அதனால் ஓர் ஏட்டை எந்தக் கணிப்பொறியிலும் உள்ளபடி தட்டச்சு செய்ய முடியவில்லை. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0 பதிப்பில் 51 தமிழ்க் குறிகள் சேர்ந்தன. எண் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த எழுத்துரு இல்லாத போனில் வேலியும் பதக்கும் இன்றும் கட்டமாகத்தான் தெரியும்.

சரி, ஒரு பூச்சியை நீங்களே பிடித்துப் பாருங்கள். "ஔவையார்" என்று ஔகார விசையைத் தட்டி ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வரியில் ஒ, பிறகு ள என்று தட்டி "ஒளவையார்" என்று எழுதுங்கள். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இப்போது முதல் வரியிலுள்ள சொல்லைத் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது வரி அகப்படுகிறதா? அகப்படாவிட்டால், அது மென்பொருளின் பிழையா, தட்டச்சு செய்தவரின் பிழையா? வகுப்பில் விவாதிக்கலாம். வீட்டிலுள்ள ஒரே செல்போனில் மட்டும் பீட்டா பதிப்பைப் போட்டுவிடாதீர்கள்; பாதி வழியில் அது மக்கர் செய்தால் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நீங்கள்தான்.

பூச்சி அகப்பட்டால் செய்தவருக்கு எழுத வேண்டும். "தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் போன், எந்தப் பதிப்பு, நீங்கள் வரிசையாக என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது – இவ்வளவும் வேண்டும். தமிழ் தெரியாத ஒருவரும் அப்படியே செய்து பார்த்து அதே பிழையைக் காண வேண்டும். நம் உழவரின் செய்திக்கு இப்படி எழுதலாம்: "தமிழில் 73 குறிகள் கொண்ட செய்தி அனுப்பினேன். 73-உம் வரவேண்டும். முதல் 70 மட்டும் வந்தன. விட்டுப்போனவை: கால், ம, புள்ளி. கால் இல்லாததால், உரம் இடாதே என்ற செய்தி, இடு என்றும் படிக்கும்படி ஆகிவிட்டது."