ஆசிரியர் கொள்கையும் மனநிறைவும்

ஆசிரியத் தொழிலில் மனநிறைவு எங்கிருந்து பிறக்கின்றது? சம்பளத்திலிருந்து என்பார் பலர். சம்பளம் குறைந்தால் மனம் நோகும் என்பது மெய்யே. ஆயின் அது மிகுவதனால் மட்டும் வகுப்பறை இனிக்கும் என்று கூறுவதற்கில்லை. அமெரிக்க அறிஞர் டான் லார்ட்டி என்பார் 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், மாணாக்கர் உள்ளத்தைத் தாம் எட்டினோம் என்னும் உணர்ச்சியையே ஆசிரியர்கள் தலையாய ஊதியமாகக் கருதினர் என்று காட்டினார். அங்ஙனமாயின், எட்டுதல் என்பதன் பொருள் ஆசிரியர் கருத்தில் மாறுந்தோறும் அவர்தம் மகிழ்ச்சியின் அளவுகோலும் மாறுமன்றோ?

செஞ்சியில் உயர்நிலை வகுப்புகளுக்குச் சரித்திரம் கற்பிக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தொழில் தொடங்கிய நாளில் அவர், சிவாஜி கோட்டையைக் கைக்கொண்டது 1677, தேசிங்கு போரில் மாண்டது 1714 என எழுதுவித்து ஒப்புவிக்கச் செய்வார். பிழையின்றி ஒப்புவித்தால் அவர்க்கு அன்று நிறைவு. அம்மகிழ்ச்சியை நாம் இகழ வேண்டுவதில்லை. உழைத்த அன்றைக்கே கைக்கு வரும் கூலி அது.

ஆண்டுகள் செல்ல, கோட்டை கண்ணெதிரே நிற்கப் புத்தகத்தில் அதனைத் தேடுவானேன் என்னும் ஐயம் அவர்க்கு எழுகின்றது. மாணாக்கரை ராஜகிரிமேல் அழைத்துச் செல்கின்றார். உச்சிக்கு அணித்தாகப் பாறைப் பிளவின்மேல் அமைந்த பாலத்தருகே நிறுத்தி, "இதனை எடுத்துவிட்டால் பகைவர் எவ்வாறு வருவர்?" என்று வினவுகின்றார். முகலாயர் படை 1690 முதல் 1698 வரை ஏன் காத்துக் கிடந்தது என்பதை அவர்கள் தாமே உய்த்துணர்கின்றனர். தேசிங்கின் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்த சிறுவன் ஒருவன், ஆற்காட்டு நவாபுக்குச் செலுத்த வேண்டிய கப்பமே போருக்கு வித்து என்றறிந்து, பாட்டும் சரித்திரமும் வேறுபடுவது ஏன் என்று கேட்கின்றான். அக்கேள்வியின் சுவை கண்டவர்க்குப் பழைய ஒப்புவிப்பு இனி இனிக்குமா?

நிற்க. கொள்கை மாறிய அளவுக்குத் தேர்வு மாறவில்லை. தமிழ்நாட்டில் 2012-13 முதல் தொடர் மதிப்பீட்டு முறை கீழ் வகுப்புகளுக்கு வந்தது; 2017-இல் முதலிடம் பெற்றோர் பெயர்களை வெளியிடும் வழக்கமும் நின்றது. பத்தாம் வகுப்புக்கோ பொதுத்தேர்வுதான். தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே ஊரார் பள்ளியை அளக்கின்றனர். ஆதலின், ஒப்புவித்தலை மெய்யாக நம்பும் ஆசிரியரைவிட, அதில் நம்பிக்கை இழந்தும் அதனையே நடத்த நேர்ந்தவர் மிகுதியும் வாடுகின்றார். நம்பாத புதுமுறையைச் சுற்றறிக்கைக்காக நடத்துபவர் நிலையும் அஃதே. (அவரை யாரும் பழமைவாதி என்று ஏசுதல் முறையன்று.)

ராஜகிரி ஏறி இறங்க அரைநாள் வேண்டும். தை மாதத்து இளவெயிலே அதற்கு ஏற்றது. பத்தாம் வகுப்பினர்க்குத் திருப்புதல் தேர்வுகள் நடைபெறுவதும் அந்நாளிலேதான்.