தளராத படைப்புள்ளம்

படைப்பாற்றல் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், அது தம்மைச் சார்ந்ததன்று என மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். உமறுப் புலவருக்கு வாய்த்தது தமக்கு வாய்க்குமா என்பது அவர்தம் ஐயம். ஆயின் அவ்வையத்தை அவர்கள் உள்ளத்தில் விதைத்தோர் பெரும்பாலும் பிறரே என்பது சற்று ஆராய்ந்தால் புலனாகும். "கவிதை சோறு போடுமா?" என்பார் வீட்டில் ஒருவர். "முதலில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்" என்பார் வகுப்பில் ஒருவர். "நம் வீட்டுக் கதையை யார் படிப்பார்?" என்பார் நண்பர். இவற்றுள் இரண்டாவதில் நியாயம் உண்டு. தமிழாசிரியர் எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆயினும், தகுதி முற்றிலும் வந்தெய்திய பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டுமா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு முஸ்லிம் தமிழ் எழுத்தாளர் மூவர் வாழ்வு விடை தருகிறது.

உமறுப் புலவரின் செய்தி யாவரும் அறிந்ததே. சீறாவை இயற்ற அவர் விழைந்து, அதற்குரிய செய்திகளை வேண்டிச் சதக்கத்துல்லா அப்பாவை அணுகியபோது, அப்பெரியார் புலவரின் உலகியல் கோலத்தைக் கண்டு முதலில் மறுத்துவிட்டார் என்றும், பின்னரே மனமிசைந்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று வரையறுத்தல் எளிதன்று. ஆனால் ஒன்று கருதத்தக்கது. அம்மறுப்பு புலமையைப் பற்றியதன்று, தோற்றத்தைப் பற்றியது. நம்மை நோக்கி வரும் மறுப்புகள் பலவும் அத்தகையனவே.

நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்தின் நிலை இதனினும் கடியது. அவர் பள்ளியிற் கற்றது மூன்றாம் வகுப்பு வரையே. சிறுவயதிலேயே மணம், இளமையிலேயே கணவரை இழந்த துயர். அக்காலத்தில் நடுத்தர முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணொருத்தி நூல் படிப்பதே வியப்பாகக் கருதப்பட்டது. அத்தகைய சூழலில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 'காதலா? கடமையா?' என்னும் நாவலை எழுதி 1938இல் வெளியிட்டார். தலைப்பிலேயே 'காதல்' என்ற சொல்! அதனை எழுதியவர் ஒரு பெண் என்பதும் நூலின் முகப்பிலேயே தெரிந்தது. முணுமுணுப்புகள் எழாதிருக்குமா? ஆயின் அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் உ.வே.சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளோடு தம் வாழ்நாளைக் கழித்த அம்மூதறிஞர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட இளம்பெண்ணின் கையெழுத்துப் படியை ஏற்றுக்கொண்டார். தகுதிச் சான்றிதழை வினவவில்லை. ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் சிறிது நின்று எண்ணுதல் நலம். பின்னர் அவ்வம்மையார் 'மகிழம்பூ', 'இஸ்லாமும் பெண்களும்' முதலியவற்றையும் எழுதி, 1998இல் மறைந்தார்.

மூன்றாமவர் தோப்பில் முஹம்மது மீரான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில் 1944இல் பிறந்த இவர் பள்ளியில் பயின்றது மலையாள வழியில். தமிழை எழுதும் முறை அவருக்குப் பள்ளி தந்த செல்வமன்று. தொழிலோ மிளகாய் வற்றல் வாணிகம். அவர் வாயில் வழங்கிய பேச்சு மலையாளமும் அரபுச் சொற்களும் விரவிய கடற்கரைத் தமிழ். இலக்கணத் தராசில் வைத்தால் அதனை வழுவென ஒதுக்கிவிடலாம். 'எழுத வராது' என்று ஒருவரிடம் சொல்வதற்கு இதைவிட வேறு காரணங்கள் வேண்டுமோ?

ஆனால் குறை எனப்பட்ட அப்பேச்சே அவருடைய மூலதனமாயிற்று. 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலுருப்பெற்ற 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', ஊரை ஆண்ட ஒரு செல்வக் குடும்பத்தின் செருக்கையும் வீழ்ச்சியையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வருகைக்கு ஊரில் எழுந்த எதிர்ப்பையும் உள்ளிருந்தே காட்டுகிறது. வாப்பாவும் உம்மாவும் தம் வீட்டில் பேசியவாறே அதில் பேசுகின்றனர். பிற மாவட்டத்து வாசகர் முதற் சில பக்கங்களில் தடுக்கி விழக்கூடும் என்பது மெய்யே. நானும் சில சொற்களுக்குக் குமரி மாவட்டத்து நண்பரை நாட நேர்ந்தது. எனினும் தூய நடையில் அக்கதை எழுதப்பட்டிருப்பின், அக்கடற்கரையின் உப்பு வாடை நமக்கு எட்டியிராது.

நம் குறைகளை ஊரறிய உரைக்கலாமா எனச் சமூகப் பெரியோர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் அன்பினால் எழுவதே, எள்ளத்தக்கதன்று. ஆயினும் அத்தொடரை முதலில் ஏந்தியது சமூகத்தின் சொந்த இதழே என்பதை அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

தொடர்ந்து 'துறைமுகம்', 'கூனன் தோப்பு' ஆகியன வெளிவந்தன. 'சாய்வு நாற்காலி' 1997ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது. இவற்றுள் 1993இல் அச்சேறிய 'கூனன் தோப்பு' உண்மையில் அவர் முதலில் எழுதிய நாவலாகும். நெடுங்காலம் அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. அச்சுக்குச் செல்லாத ஒரு படியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பகலில் வற்றல் விலை பேசி, அடுத்த நூலை எழுதத் தொடங்கிய நெஞ்சுரத்தை என்னென்பது! விருதின் ஒளியில் நாம் காண மறப்பது அந்த ஆண்டுகளையே. மீரான் 2019 மே திங்களில் காலமானார்.

நம் மாணவியர் சிலர் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் எழுதி, எவரும் அறியாமல் மடித்து வைப்பதை அறிவேன். மணமானதும் அவ்வேடுகள் பழைய தாள்களோடு போய்விடுகின்றன. ஜுனைதா பேகத்தின் சமகாலத்தில் எத்தனை ஏடுகள் அவ்வாறு போயினவோ! அக்காலத்து முஸ்லிம் இதழ்களின் பழம்படிகள் இன்னும் சில இல்லங்களின் மரப்பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றில் பெண்கள் எழுதியவற்றைத் தேடித் தொகுத்தல், முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்லாய்வாகும். பெரியோர் தம் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து உதவுவார்களாயின், வரும் கல்வியாண்டிலேயே அப்பணியைத் தொடங்கலாம்.